பழைய போர்ஷே 911: முன் கண்ணாடி ரப்பர் மாற்றும்போது

1989 வரை வந்த பழைய போர்ஷே 911-இல் முன் கண்ணாடியை ஒட்டியிருக்க மாட்டார்கள், சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது காய்ந்து வெடித்தால் தண்ணீர் கீழ் மூலைகளில் இறங்கி, தகரத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் கண்ணாடி சுலபமாக வந்துவிடும், நெம்பினால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். கழற்றியதும் கீழ் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அங்கேயே நிறுத்தி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகுதான் மேலே போக வேண்டும், இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

அப்புறம் புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டுங்கள். ரப்பரைச் சுற்றி வெளியே தெரியும் அலுமினிய அலங்காரப் பட்டையையும் இப்போதே ரப்பரில் அதற்கென உள்ள காடியில் (பள்ளத்தில்) செருகிவிட வேண்டும், கண்ணாடி காரில் ஏறிய பிறகு முயன்றால் பட்டை வளைந்து வீணாகிவிடும்.

காரின் தகர விளிம்பு உட்காரும் ரப்பர் காடியில் சுமார் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி உள்பக்கம் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து காரின் திறப்பில் பொருத்தி வைத்து, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால், உதடு பொத்து பொத்தென்று விளிம்பைத் தாண்டி உட்காரும். அழுத்துகிற கை, கயிறு இருக்கும் இடத்துக்கு நேராகவே நகர்ந்துகொண்டு போகட்டும். மூலையில் இறுகினால் வெடுக்கென இழுக்காமல் இன்னும் கொஞ்சம் சோப்பு விடுங்கள்.