வாட்டர் ஹீட்டரில் இறுகிப்போன பிளாஸ்டிக் டிரெயின் வால்வைக் கழற்றுவது

சீலிங்குக்கு மேல் படுத்திருக்கும் சின்ன ஹீட்டர் இல்லை. கோலாலம்பூர் தரைவீடுகள் சிலவற்றில் செங்குத்தாக நிற்கும் 150, 190 லிட்டர் தொட்டியைத்தான் சொல்கிறோம். அதன் அடியில், தண்ணீரை வடிப்பதற்காக இருக்கும் பிளாஸ்டிக் டிரெயின் வால்வு சில வருடம் சூடு பட்டாலே பிஸ்கட் போல நொறுங்கும். முழுசாக வந்தால் அதிர்ஷ்டம். உடையும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

அதனால் மாற்றுச் சாமானை முதலில் வாங்கிவிட வேண்டும்: முக்கால் இஞ்சு பித்தளை பால் (ball) வால்வு (உள்ளே உருண்டை திரும்பி, துளை முழு அகலத்துக்கும் திறப்பது; இல்லையென்றால் வண்டல் அடைக்கும்), பிளாஸ்டிக் உள்ளுறை போட்ட 3 இஞ்சு நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்), டெஃப்லான் டேப். நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் முறை மரை. அமெரிக்கத் தயாரிப்புத் தொட்டியில் இருப்பதோ என்பிடி எனும் அமெரிக்க முறை மரை. முக்கால் இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், ஆகவே ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. இன்றைக்கு டேப் காப்பாற்றும். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, ஒரு நாள் கசியத் தொடங்கும். தொட்டியின் லேபிளைப் பார்த்து அதற்கேற்ற நிப்பிளையே வாங்குங்கள்.

சுவரில் இருக்கும் ஹீட்டர் சுவிட்சோடு டிபி பெட்டியிலுள்ள (வீட்டின் மெயின் மின்பெட்டி) பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். தானாக ஆறட்டும் என்று காத்திருந்தால் ஒரு நாளே போய்விடும். சுடுதண்ணீர் பைப்பைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வரும்வரை ஓடவிடுவதே சுலபம். பிறகு உள்வரும் குழாயை மூடி, டிரெயின் வால்வில் ஹோஸ் மாட்டி, சுடுதண்ணீர் பைப்பைத் திறந்தபடியே வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். பாதியில் நின்றால் வண்டல் அடைத்திருக்கிறது, ஹோஸைக் கழற்றிக் கம்பியால் குத்துங்கள். கைப்பிடியே திரும்பவில்லையா? குளிர்நீர் இணைப்பைக் கழற்றி, மெல்லிய ஹோஸைத் தண்ணீர் நிரப்பி உள்ளே விட்டு, மறுமுனையைத் தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே வைத்து சைஃபன் முறையில் இறக்கலாம்.

ஸ்பேனரைக் கைப்பிடியில் போடாதீர்கள். தொட்டியை ஒட்டியிருக்கும் அறுகோணத்தில் போட்டு, இடப்பக்கமாக மெதுவாக அழுத்தம் கொடுங்கள். அசைந்தால் சற்று முன்னும் பின்னும் ஆட்டியே கழற்றுங்கள். துரு எண்ணெய் அடிப்பதால் பயனில்லை. பிடித்திருப்பது துரு இல்லையே.

உடைந்து, மரைப்பகுதி மட்டும் உள்ளே தங்கினால் பயப்படவேண்டாம். தீ மட்டும் காட்டாதீர்கள்: தகட்டுக்குப் பின்னால் இருப்பது எரியும் நுரை. ஒரு ஹேக்சா பிளேடை எடுத்து, பிடிக்கும் பக்கம் துணி சுற்றி, துளைக்குள் விட்டு பிளாஸ்டிக்கை உள்ளிருந்து வெளிநோக்கி அறுங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வெட்டு. மெத்தென்று போன பிளேடு கரகரத்தால் இரும்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். மரையின் உச்சியில் சிறு கீறல் விழுந்தால் டேப் மூடிவிடும். எல்லா மரையையும் குறுக்காக அறுத்துவிட்டால் அதுவே கசிவுக்கு வழி. இரண்டு வெட்டுக்கும் நடுவிலுள்ள துண்டைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் உட்புறமாக மடக்கி, நீளமூக்குப் பிளையரால் இழுங்கள். அது வந்தபின் மிச்ச வளையம் தளர்ந்துவிடும்.

மரையைப் பித்தளை பிரஷால் தேய்த்து, வாளியைப் பிடித்துக்கொண்டு உள்வரும் தண்ணீரைச் சில விநாடி திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் துணுக்கு, வண்டல் எல்லாம் வெளியே வரும். தண்ணீர்த் தடை முடிந்து செம்மண் நிறத்தில் வந்ததெல்லாம் இங்கேதான் படிந்திருக்கும்.

நிப்பிளின் மரையில், முனை உங்களைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாக ஐந்தாறு சுற்று டேப். முதல் இரண்டு மூன்று திருப்பைக் கையாலேயே திருப்புங்கள். கையில் ஏறாதது கோணலாகப் போகிறது. பிறகு ஸ்பேனர். நிப்பிளின் மறுமுனையில் பால் வால்வையும் இதேபோல டேப் சுற்றி மாட்டுங்கள்.

வால்வை மூடி, தொட்டியை நிரப்புங்கள். சுடுதண்ணீர் பைப்பில் காற்றில்லாமல் சீராக வந்த பிறகே சுவிட்ச். தண்ணீர் இல்லாமல் ஏறினால் எலிமெண்ட் கருகிவிடும். மரையைச் சுற்றி டிஷ்யூ வைத்துப் பாருங்கள், ஒரு முறை சூடான பிறகும் பாருங்கள். பால் வால்வின் வாயில் ஒரு மூடியும் போடுங்கள். கால் பட்டாலே திறந்துகொள்ளும் கைப்பிடி அது.