பிள்ளையின் அறை, பிள்ளையின் கணக்கு

டீன் ஏஜ் பிள்ளையின் அறையை மாற்றப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் கட்டிலை வேறு சுவரோரம் நகர்த்திப் பாருங்கள். காசே செலவில்லாமல் அறை புதிதாகத் தெரியும். அப்புறம், மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்லி, கணக்கு நோட்டைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று அவர்களே யோசிப்பார்கள்.

பெயிண்ட் நான்கு சுவருக்கும் வேண்டாம், தலைமாட்டுச் சுவர் ஒன்று போதும். கருநீலம் கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். சின்ன டப்பா வாங்கி, ஒரு பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் சேர்ந்து பாருங்கள். ஒரே நிறம் இரண்டு விதமாகத் தெரியும். சரி, பிடித்துவிட்டதா? சுவரை அளந்து வாங்குங்கள். ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும்.