ஃபைட்டிங் கேமின் அடுத்த பாகம் வருமுன்: புது மெக்கானிக்ஸைப் படித்துக்கொள்வது எப்படி?

ஒரு ஃபைட்டிங் கேமின் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது கேரக்டர் பட்டியலைத்தான். நமக்குப் பிடித்த ஆள் வருகிறாரா, உடை மாறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் அதே ஆள் அதே அடிகளோடு வந்தாலும், கேமின் விதிகள் மாறிவிட்டால் அவரை ஆடும் முறையே மாறிவிடும். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பும்கூட. பல வருடம் ஆடியவர்களும் புது மெக்கானிக்கை, அதாவது ஆட்டத்தின் புது விதியை, உங்களோடு சேர்ந்துதான் முதல்முறை தொடப்போகிறார்கள்.

கேம் கைக்கு வருவதற்கு முன்பே அந்த மாற்றங்களை எப்படிப் படித்துக்கொள்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இலிருந்து 6-க்கும், டெக்கன் 7-இலிருந்து 8-க்கும் நடந்த மாற்றங்களை எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2023 ஜூனிலும் டெக்கன் 8, 2024 ஜனவரியிலும் வெளிவந்தன. எது மாறியது, அதனால் ஆட்டம் எப்படி மாறியது என்று இரண்டிலும் தெளிவாகப் பார்க்க முடியும்.

படி 1: டிரெய்லரை இரண்டாம் முறை பாருங்கள்

முதல் முறை ரசிப்பதற்காகப் பாருங்கள். இரண்டாம் முறை வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சண்டையை விட்டுவிட்டுத் திரையின் ஓரங்களைப் பாருங்கள். உயிர்க் கோட்டுக்குக் கீழே புதிதாக ஏதாவது கேஜ் (நிரம்பவும் குறையவும் செய்யும் அளவுக் கோடு) இருக்கிறதா? எந்த அடி விழும்போது அது குறைகிறது? எதிராளி அடியை பிளாக் செய்யும்போது, அதாவது தடுக்கும்போது, அவருடைய கேஜ் என்ன ஆகிறது? பளிச்சென்ற வண்ண எஃபெக்ட் வருகிற இடங்களில் நிறுத்திப் பாருங்கள். புது மெக்கானிக் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

படி 2: போனது, வந்தது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு எழுதினால், போனது பக்கத்தில் வி-ஸ்கில் (ஒவ்வொரு கேரக்டருக்கும் உரிய தனித் திறன்), வி-டிரிகர் (வி-கேஜ் நிரம்பினால் கிடைக்கும் கூடுதல் சக்தி), அடி வாங்க வாங்க நிரம்பி மயக்கத்தில் தள்ளும் ஸ்டன் கேஜ் மூன்றும் வரும். வந்தது பக்கத்தில், டிரைவ் அசைவுகள் எல்லாவற்றுக்கும் செலவாகும் டிரைவ் கேஜ் என்ற ஒன்றே ஒன்று. டெக்கன் 8-இல் உயிர் குறைந்த ரேஜ் நிலையில் கிடைத்த ரேஜ் டிரைவ் என்ற அடி போனது, தாக்குதலைச் சிறிது நேரம் வலுப்படுத்தும் ஹீட் வந்தது. ரேஜ் நிலையில் போடும் பெரிய அடியான ரேஜ் ஆர்ட் தங்கிவிட்டது.

புதியவர்கள் வந்ததை மட்டும்தான் கவனிப்பார்கள். போனதையும் கவனியுங்கள். தப்பிக்க உதவிய ஒரு வழி போயிருந்தால், அதற்குப் பதிலாக என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும்.

படி 3: கேஜ் எப்போது கைக்கு வருகிறது?

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் வி-கேஜ் ரவுண்டு தொடங்கும்போது காலியாக இருக்கும். அடி வாங்கினால் நிரம்பும், வி-ஸ்கில்லை நன்றாகப் பயன்படுத்தினாலும் நிரம்பும். அதனால் தோற்றுக்கொண்டிருப்பவர் கையில்தான் ரவுண்டின் கடைசியில் வி-டிரிகர் வந்து நிற்கும். டெக்கன் 7-இல் ரேஜும் அப்படித்தான், உயிர் மிகவும் குறைந்த பிறகுதான் வரும். இரண்டுமே பின்தங்கியவருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுகள்.

அடுத்த பாகத்தில் இரண்டு கேமுமே இதைத் திருப்பிப் போட்டன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் கேஜின் ஆறு கட்டங்களும் ரவுண்டு தொடங்கும்போதே நிரம்பியிருக்கும். டெக்கன் 8-இல் ஹீட்டை ஒரு ரவுண்டுக்கு ஒருமுறை பயன்படுத்தலாம், அது முதல் நொடியிலிருந்தே தயாராக இருக்கும்.

இதனால் ஆடுகிறவரின் கவலையே மாறுகிறது. முன்பு "எப்போது கிடைக்கும்?" என்று காத்திருந்தோம். இப்போது "எப்போது செலவழிப்பது?" என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஆறு கட்டமும் தீர்ந்தால் பர்ன்அவுட். அந்த நேரத்தில் டிரைவ் சம்பந்தப்பட்ட எதையும் செய்ய முடியாது. ஸ்பெஷல் அடிகளை (தனிக் கட்டளையால் வரும் பலமான அடிகளை) பிளாக் செய்தாலும் கொஞ்சம் உயிர் போகும். சுவரோரமாக நிற்கும்போது எதிராளி டிரைவ் கேஜைச் செலவழித்துப் போடும் பலத்த அடியான டிரைவ் இம்பாக்ட் பட்டால், பிளாக் செய்திருந்தாலும் மயங்கிவிடுவீர்கள். நான் ஆரம்பித்த புதிதில் பல ரவுண்டுகளை இப்படித்தான் இழந்தேன். எதிராளி பெரிதாக எதுவும் செய்திருக்கமாட்டார். நானே முதல் பத்து விநாடியில் கேஜைக் காலி செய்திருப்பேன்.

ஆகவே புது கேமின் கேஜ் தொடக்கத்திலேயே நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தால், சேமித்துப் பழகுங்கள். காலியாகத் தொடங்குகிறது என்றால், அதை எது வேகமாக நிரப்புகிறது என்று தேடுங்கள்.

படி 4: ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் மூன்று கேள்வி

என்ன செலவாகிறது? எதை வெல்கிறது? எதனிடம் தோற்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

டிரைவ் இம்பாக்டை எடுத்துக்கொள்வோம். செலவு ஒரு கட்டம். அதற்கு ஆர்மர் உண்டு, அதாவது இரண்டு அடியைத் தாங்கிக்கொண்டே முன்னால் வந்து அடிக்கும். யோசிக்காமல் பட்டன்களை அழுத்திக்கொண்டிருப்பவரை இது வென்றுவிடும். சரி, எதனிடம் தோற்கும்? அருகில் இருந்தால் த்ரோவிடம் (பிடித்து எறிவதிடம்) தோற்கும். வேகமாக மூன்று அடி விழுந்தால் ஆர்மர் உடையும். எல்லாவற்றையும்விட எளிது, நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போடுவது. இரண்டு பேர் போட்டால் பின்னால் போட்டவருடையதுதான் ஜெயிக்கும்.

அதைப் பார்த்துப் போட நேரம் இருக்குமா? கணக்குப் பார்க்கலாம். இந்த கேம்கள் ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடுகின்றன. டிரைவ் இம்பாக்ட் 26-ஆவது ஃபிரேமில் தொடுகிறது. அதாவது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. கண்ணில் பட்டதும் கை அசைய மனிதருக்குக் கால் விநாடி அளவு ஆகிறது. எனவே முடியும். ஆனால் வேறு ஏதாவது அடியின் நடுவில் இருந்தால் முடியாது. எட்டாத தூரத்தில் நின்று சும்மா அடி வீசும் பழக்கத்தை இந்த மெக்கானிக் தண்டிப்பது இப்படித்தான்.

எதிராளியின் அடியைத் தட்டிவிடும் தற்காப்பான பேரியையும் இதே மாதிரி கேட்டுப் பாருங்கள். பட்டனைப் பிடித்திருக்கும்வரை கேஜ் கரையும். அடிகளைத் தடுக்கும், தடுத்தால் கேஜ் திரும்பக் கிடைக்கும். த்ரோவிடம் தோற்கும், அதுவும் வழக்கத்தைவிட அதிக சேதத்தோடு. 1997-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இல் பேரி செய்ய, அடி விழும் அந்தக் கணத்தில் முன்பக்கம் தட்ட வேண்டும். தவறினால் முழு அடியும் விழும். 2004-இல் ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டியில் உயிர்க் கோடு துளியளவே மிச்சமிருந்த நிலையில் ஜப்பானிய வீரர் டைகோ உமெஹாரா ஒரு முழு சூப்பரையும் (அடுத்தடுத்து விழும் பெரிய அடித் தொடரையும்) பேரி செய்த காட்சி இன்றும் பேசப்படுவது அதனால்தான். 6-ஆம் பாகத்தில் அந்தத் துல்லியத்துக்கான பரிசை பெர்ஃபெக்ட் பேரியாகத் தனியே வைத்துவிட்டு, சாதாரணப் பேரியைப் புதியவர் கைக்கும் எட்டும்படி செய்தார்கள். பழைய பெயரைப் பார்த்துப் பழைய மெக்கானிக் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 5: டெமோ வந்தால் ஆன்லைனுக்கு ஓடாதீர்கள்

இரண்டு கேமுக்குமே வெளியீட்டுக்கு முன்பு டெமோ வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 டெமோவில் ரியூ, லூக் என்று இரண்டே கேரக்டர்கள். இரண்டு போதும். டெமோவில் ட்ரெய்னிங் மோடு (தனியாகப் பயிற்சி செய்யும் பகுதி) இருந்தால் நேராக அதற்குப் போங்கள். எதிரில் நிற்கும் பொம்மைக்கு அசைவுகளைப் பதிவு செய்துவைக்கும் வசதி இப்போதைய ஃபைட்டிங் கேம்களில் பெரும்பாலும் உண்டு. முதல் பதிவில் புது மெக்கானிக், இரண்டாவதில் ஒரு சாதாரண உதை, மூன்றாவதில் முன்னால் நடந்து வந்து த்ரோ. மூன்றையும் மாற்றி மாற்றி வரும்படி வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சரியான பதிலைக் கொடுத்துப் பழகுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு நேரத்தில் ஒரு மெக்கானிக் மட்டும். அப்புறம் ஆன்லைன்.

கன்ட்ரோல் வகையையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் மாடர்ன் முறையில் ஸ்பெஷல் அடிகள் ஒரு பட்டனில் வரும், சேதம் சற்றுக் குறையும். டெக்கன் 8-இல் இதே போன்ற எளிய முறையாக ஸ்பெஷல் ஸ்டைல் இருக்கிறது. புதியவர்கள் தயங்காமல் இவற்றில் தொடங்கலாம் என்பது என் கருத்து. விரல் பழகும் நேரத்தில் கண்ணும் மூளையும் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும்.

படி 6: மாறாததையும் மறக்காதீர்கள்

குதித்து வருகிறவரை நிலத்திலிருந்து அடித்து வீழ்த்துவது, கீழே குனிந்து பிளாக் செய்வது, த்ரோவிலிருந்து விடுபடுவது. எந்தப் பாகம் வந்தாலும் இவை அப்படியே இருக்கும். பழைய பாகம் கையில் இருந்தால் காத்திருக்கும் நாட்களில் இவற்றைப் பழகுங்கள்.

படி 7: தாளைப் பென்சிலால் எழுதுங்கள்

டெமோவில் பார்த்த ஃபிரேம் எண்ணும் சேதமும் வெளியீட்டில் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளிவந்த பிறகும் பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) வரும், எண்கள் மாறும். அதனால் எண்களை மட்டும் அவ்வப்போது அழித்து எழுதுங்கள். எதை வெல்லும், எதனிடம் தோற்கும் என்று நான்காம் படியில் எழுதிய இரண்டு வரிகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அவற்றை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.