கோபுரத்துக்கு இடிதாங்கி: கோயில் சபையைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் சித்திரையும் ஐப்பசியும் பின்னேரத்தில் இடி முழங்குகிற காலம். ஊரில் பனையை விட்டால் உயரமாக நிற்பது கோபுரம்தான். ஆனாலும் பரிபாலன சபைக் கூட்டத்தில் இடிதாங்கி என்று வாய் திறந்தால் முதலில் வருவது இதுதான்: "கலசம் இருக்கேக்க உது என்னத்துக்குத் தம்பி?"

உடனே மூடநம்பிக்கை, அது இது என்று தொடங்காதீர்கள், கதை அதோடு முடிந்துவிடும். கலசத்துக்குள் போடுகிற வரகு தானியம் இடியைத் தாங்கும் என்ற வாட்ஸ்அப் செய்தியைச் சபையில் எல்லாரும் படித்திருப்பார்கள். கலசம் செம்பு, இடி அதில் இறங்கவும் கூடும், சரி, இறங்கின மின்சாரம் அப்புறம் எங்கே போகும் என்று மட்டும் கேளுங்கள். கீழே இருப்பது செங்கல்லும் சுதையும். அதற்குள் இருக்கிற ஈரம் ஒரு கணத்தில் ஆவியாகி, சுதை வெடித்து, பொம்மைகள் சிதறும். நிலம் வரை ஒரு செம்புப் பட்டி இறங்கினால்தான் அது இடிதாங்கி.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினம். ஆண்டவன் அனுப்புகிற இடியை நாங்கள் தடுப்பதா? இது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கேள்வி மட்டுமில்லை. 1750களில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியைச் சொன்ன காலத்தில், ஐரோப்பியத் தேவாலயங்களில் இடி முழங்கும்போது மணி அடிப்பார்கள், சத்தத்துக்கு இடி விலகிவிடும் என்று. 33 வருஷத்தில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்த 103 பேர் செத்ததாக 1784இல் மியூனிக்கில் வெளிவந்த ஒரு நூல் கணக்குக் காட்டியது. 1755இல் பொஸ்டனில் நிலம் நடுங்கியபோது தோமஸ் பிரின்ஸ் என்ற போதகர், வானத்து மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கினதால் வந்த வினை என்று இடிதாங்கியின் மேலேயே பழியைப் போட்டார். 1769இல் இத்தாலியின் பிரெசியாவில், வெடிமருந்து அடுக்கி வைத்திருந்த இடத்தில் இடி விழுந்து நகரத்தின் ஒரு பகுதியே அழிந்தது. இத்தனை எதிர்ப்புக்குப் பிறகும் 1776இல் வெனிஸின் புகழ்பெற்ற சென் மார்க் தேவாலய மணிக்கோபுரத்தில் இடிதாங்கி ஏறிவிட்டது.

பிராங்க்ளினின் பதில் எளிமையானது: மழையும் வெயிலும்கூட மேலே இருந்துதான் வருகின்றன, அவற்றுக்குக் கூசாமல் கூரை போடுகிறோமே. மண்டபத்துக்குக் கூரை போட்டபோது வருணனைத் தடுக்கிறோம் என்று யாரும் எழும்பிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் எங்கள் சபைகளில் பிராங்க்ளினை விட ஆறுமுக நாவலர்தான் எடுபடுவார். மிஷன்காரர் சைவத்தைத் தாக்கப் பயன்படுத்திய அச்சுக்கலையையே கையில் எடுத்து, 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வைத்துச் சைவ நூல்களை அச்சிட்டவர் அவர். வெளியிலிருந்து வந்த கருவி என்று அவர் ஒதுக்கவில்லை, இடிதாங்கியும் அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

கேட்கிற நேரமும் முக்கியம். கும்பாபிஷேகம் முடிந்த கையோடு கேட்டால் கோபுரத்தில் ஏற ஒருவரும் விடமாட்டார்கள். பாலஸ்தாபனம் செய்து, அதாவது சுவாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி தொடங்குகிறபோது கேளுங்கள், சாரம் கட்டியிருக்கும், செலவும் குறையும். கூட்டத்துக்கு முன்பே குருக்களிடமும் ஸ்தபதியிடமும் தனியாகக் கதைத்துவிடுங்கள், அவர்கள் தலையாட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி. கலசத்துக்கு மேலே எதுவும் நிற்கக்கூடாது என்பார்கள். கலசத்தையே பட்டியோடு இணைக்க வழி உண்டு, ஆனால் தகடு மெல்லியதாக இருந்தால் இடி துளைத்துவிடும், ஆகவே அதை எஞ்சினியர் பார்த்துச் சொல்லட்டும்.

நிலத்தில்தான் எங்களுக்குச் சிக்கல். மேலே கொஞ்சம் மண், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதில் மின்சாரம் எளிதில் பரவாது, ஒற்றைக் கம்பியை அடித்துவிட்டுக் காசு கேட்கிறவரை நம்பாதீர்கள். கீழே இறங்குகிற பட்டி குறைந்தது இரண்டு வேண்டும், மின்சாரம் நிலத்துக்குள் இறங்க இருக்கிற தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும், மீற்றர் வைத்து அளந்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியையும் நேரலைக் கமராவையும் இடிதாங்கி காப்பாற்றாது, அவற்றின் வயர்களுக்குத் தனியாகச் சர்ஜ் பாதுகாப்பு, அதாவது திடீரென்று பாய்கிற மின்னழுத்தத்தைத் தடுக்கிற கருவி, போட வேண்டும். பட்டியின் கீழ்ப் பத்தடியைக் குழாய்க்குள் விட்டுவிடுங்கள், கோயில் செம்பு என்றும் பாராமல் கழற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிறது.