சிவப்புக்குள் ஒளிந்த நீலம்: ஸ்கேனருக்குப் படிவம் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, தான் வடிவமைத்த விண்ணப்பப் படிவத்தைக் காட்ட வந்திருந்தான். டிடிபி வேலையில் நல்ல கை. கல்யாணப் பத்திரிகை மாதிரி அவ்வளவு லட்சணமாக இருந்தது படிவம். "ஸ்கேன் பண்ணிப் பார்த்தியா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், பளிச்சுன்னு இருக்கு" என்றான். பதினாறு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதனால் அவனைத் திட்ட மனம் வரவில்லை. அவன் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை பார்ப்பது, கோட்டை நேராகப் போடுவது, பேனா வேலை செய்கிறதா என்று பார்ப்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணுக்குச் சிவப்பு, ஸ்கேனருக்குக் கறுப்பு

இதைப் பற்றித்தான் நிறையப் பேசப் போகிறேன். இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

தேர்வு விடைத்தாளிலும் கணக்கெடுப்புப் படிவத்திலும் கட்டங்களும் வட்டங்களும் இளஞ்சிவப்பில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல. இவற்றைப் படிக்கும் ஸ்கேனர் சிவப்பு வெளிச்சத்தில் பார்க்கும். அதில் வெள்ளைத்தாளும் சிவப்பு மையும் ஒன்றுபோல் தெரியும், இரண்டுமே சிவப்பை அப்படியே திருப்பி அனுப்புவதால். ஆக ஸ்கேனரின் படத்தில் கட்டம் மறைந்துபோய், ஆள் எழுதிய எழுத்து மட்டும் மிஞ்சும். எண்ணைப் படிக்கும் மென்பொருளுக்கு அதுதான் வேண்டும். கட்டத்தின் கோடு தெரிந்தால், அதை ஒட்டி எழுதிய 1-ஐ அது 11 என்று படிக்கும், அல்லது 4 என்று.

விவசாயிகளிடம் விவரம் சேகரிக்க முப்பதாயிரம் படிவம் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. நான் கணினித் திரையில் ஒரு நல்ல சிவப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். திரையின் நிறம் வேறு, அச்சின் நிறம் வேறு என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் என்ன? அச்சகத்தில் பிளேட் போடும்போது அந்தச் சிவப்பு நான்கு மைகளாகப் பிரிந்தது: மெஜந்தா என்கிற ஊதாச்சிவப்பு நிறைய, மஞ்சள் நிறைய, கூடவே சியான் என்கிற நீலம் 8 சதவீதம், கறுப்பு 4 சதவீதம். கலர் பிரிண்டரில் எடுத்த ப்ரூஃப் கண்ணுக்கு ஜோராக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மெஜந்தா, மஞ்சள் இரண்டும் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துவிடும். சியான் மறையாது. அது சிவப்பை விழுங்குகிற மை. கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கும். 8 சதவீதம் என்றால் மெல்லிய நீலப் பூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஆஃப்செட்டில் அது குட்டிக்குட்டிப் புள்ளிகளாகத்தான் தாளில் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்புக் கோட்டுக்குள் கடுகைத் தூவியதுபோல் நீலமும் கறுப்பும் கிடந்தன. ஸ்கேன் செய்ததும் சிவப்பு போய்விட்டது, கடுகு நின்றது. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் புள்ளிக்கோடு.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். மென்பொருளில் புள்ளிகளைத் துடைக்கும் வசதி உண்டு, அதை ஏற்றி வைத்தேன். கட்டங்கள் சுத்தமாயின. கூடவே தசமப் புள்ளியும் சுத்தமாயிற்று. 2.5 ஏக்கர் வைத்திருந்தவர் 25 ஏக்கர் பண்ணையார் ஆனார். பெயர் எழுதிய இடத்தைப் படமாக வெட்டி, தட்டச்சு செய்யும் பிள்ளைகளுக்குத் திரையில் காட்டுவோம். அதில் மெய்யெழுத்தின் புள்ளிகளும் பாதி போய்விட்டன. "அண்ணே, இது யாருண்ணே 'கணணன'?" என்று ஒரு பெண் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது.

முப்பதாயிரத்தையும் மறுபடி கையால் தட்டச்சு செய்தோம். பேசிய கூலியில் பாதியை நானே விட்டுக்கொடுத்தேன். அச்சகத்துக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: "நீங்க குடுத்த கலரைத்தான சார் போட்டேன்?"

இன்று இதைச் சொன்னால் இளைஞர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "இப்ப எல்லாம் கலர் ஸ்கேனர்." சரிதான், கலரில் எடுத்துவிட்டு அதிலிருந்து சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்க்கிறோம். அங்கேயும் சியான் கறுப்பாகத்தான் வந்து நிற்கும். இரண்டாவது, "அப்ப லேசா சாம்பல் கலர் போட்டுடலாம்." இது அதைவிட மோசம். ஒற்றை வண்ண அச்சில் சாம்பல் மை என்று தனியாக எதுவும் போடுவதில்லை. கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித்தள்ளி வைப்பதுதான் சாம்பல். அங்குலத்துக்கு 150 வரிசை ஸ்கிரீனில் அச்சடித்ததை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலில், ஸ்கேன் செய்தால், ஒரு வரிசைக்கு இரண்டே பிக்சல். புள்ளி சில இடத்தில் விழும், சில இடத்தில் விழாது, வலைவலையாக ஒரு கோலம் வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கட்டங்களுக்கு ஸ்பெஷல் கலராக ஒரே ஒரு மை, ஒரே ஒரு பிளேட் என்று அச்சகத்தில் எழுத்தில் கொடுங்கள். நான்கு வண்ணத்தில்தான் அடிப்பார்கள் என்றால் மெஜந்தாவும் மஞ்சளும் மட்டும். சியான், கறுப்பு இரண்டும் பூஜ்ஜியம். பிளேட் போகுமுன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே திரையில் காட்டச் சொல்லுங்கள். கறுப்பில் மூலைக்குறி, பார்கோடு, தலைப்பு தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, சியான் காலியாக இருக்க வேண்டும். மெஷினிலிருந்து வரும் முதல் ஐம்பது தாளை, நாளைக்கு எந்த ஸ்கேனரில் ஓடப்போகிறதோ அதே ஸ்கேனரில் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். மெஷின் நிற்பதற்கு முனகுவார்கள். முனகட்டும்.

ஸ்கேனர் பக்கத்தில் இல்லையென்றால் சீர்வரிசைத் தட்டுக்குச் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்று வாங்கி, அதன் வழியாகப் படிவத்தைப் பாருங்கள். எது கறுப்பாகத் தெரிகிறதோ அது ஸ்கேனரிலும் நிற்கும். என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒன்று கிடக்கிறது.

நீலத்தில் கட்டம் போடாதீர்கள்

எழுதுகிறவர் பேனாவும் நீலம். கட்டம் மறைய நீல வெளிச்சத்தில் பார்த்தால், அதோடு சேர்ந்து பதிலும் மறையும்.

(சிவப்புப் படிவத்தில் சிவப்புப் பேனாவும் அதே கதைதான். மதிப்பெண் பட்டியலைப் படிவமாகப் போடுகிறவர்கள், திருத்துகிற ஆசிரியர் கையில் என்ன பேனா இருக்கும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.)

பென்சில்

'எச்பி பென்சிலால் நிரப்பவும்' என்று இன்னும் சிலர் பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். 1938-இல் ஐபிஎம் கொண்டுவந்த 805 என்ற விடைதிருத்தும் இயந்திரம் வெளிச்சத்தால் பார்க்கவில்லை. தாளில் இருக்கும் பென்சில் கரி வழியே மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்தது. அதற்குப் பென்சில்தான் வேண்டும். இன்றைய ஸ்கேனருக்குக் கறுப்புப் பந்துமுனைப் பேனா போதும், ரப்பர் போட்டு அழிக்கவும் முடியாது.

தமிழ்ப் பெயருக்குத் தனித்தனிக் கட்டம்

ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து அப்படியே இருபது கட்டம் போட்டுவிடுவார்கள். 'கோபால்' எத்தனை கட்டம்? ஒருவர் 'கோ'வை ஒரே கட்டத்தில் அடைப்பார். இன்னொருவர் கொம்புக்கு ஒன்று, ககரத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று மூன்று கட்டம் எடுப்பார். 'பால'வுக்கும் 'பாலு'வுக்கும் உள்ள வித்தியாசம் கட்டத்தின் கீழ்க்கோட்டுக்கு வெளியே தொங்கும். ஐந்து மில்லிமீட்டர் கட்டத்தில் 'ஞௌ' எழுதச் சொல்வது கொடுமை.

கையெழுத்துத் தமிழை நம்பகமாகப் படிக்கும் மென்பொருளோடு நான் வேலை செய்ததில்லை. அதனால் பெயர், ஊர் எல்லாவற்றுக்கும் ஒரு நீண்ட வெற்றுப் பட்டை விடுகிறேன், படமாக வெட்டி ஆள் வைத்துத் தட்டச்சு செய்கிறேன். கட்டம் எண்களுக்கு மட்டும். மாவட்டம், பயிர், உறவுமுறை போன்றவற்றைக் குறியீட்டு எண்ணாக மாற்றிவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. இந்தியாவின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படிவங்களை இயந்திரத்தால் படித்தார்கள். அங்கே நிரப்பியவர்கள் பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். பொதுமக்களே நிரப்பும் படிவமென்றால் 1, 4, 7, 9 எப்படி எழுத வேண்டும் என்று மேலே மாதிரி அச்சடியுங்கள்.

தசமப் புள்ளியை எழுதுகிறவர் கையில் விடாதீர்கள். இரண்டு கட்டம், அச்சடித்த புள்ளி, ஒரு கட்டம். என் 25 ஏக்கர் பண்ணையார்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஜெராக்ஸ்

படிவம் தீர்ந்துவிட்டால் எந்த அலுவலகமும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது. பக்கத்துக் கடையில் நகல் எடுத்துக்கொள்ளும். சிவப்பு கறுப்பாக மாறிவரும், தாள் சாய்ந்து வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, மின்னஞ்சலில் வந்த கோப்பை 'தாளுக்குப் பொருத்து' என்று அச்செடுப்பது. 3 சதவீதம் சுருங்கினால் ஏ4 தாளின் 297 மில்லிமீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் காணாமல் போகும். வரிசைக்கு வரிசை 6 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தால் கடைசிக் கேள்வியின் பதில் ஒன்றரை வரிசை தள்ளி நிற்கும். மூலைக்குறிகளை வைத்துச் சரிசெய்யும் மென்பொருள் இதைச் சமாளிக்கும். ஓரத்துக் கறுப்புப் பட்டைகளை எண்ணிப் படிக்கும் பழைய ஓஎம்ஆர் இயந்திரம் (நிரப்பிய வட்டங்களைப் படிப்பது), பட்டைகளே ஓரத்தோடு வெட்டுப்பட்டால் தாளை அப்படியே துப்பிவிடும்.

நான் ஒவ்வொரு தாளிலும் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுகிறேன். ஸ்கேல் வைத்து அளந்தால் தாள் சுருங்கி வந்ததா என்று தெரிந்துவிடும்.

நான்கு மூலையிலும் ஒரே குறி

தலைகீழாகப் போன தாளை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு மூலையை மாற்றுங்கள்.

வெற்றிடத்துக்குப் பெயர் வைக்காதது

வட்டம் எதுவும் நிரப்பப்படவில்லை என்றால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம்: பதில் தெரியவில்லை, கேள்வியைப் பார்க்கவில்லை, நிரப்பினார் ஆனால் ஸ்கேனர் பார்க்கவில்லை. மூன்றும் கோப்பில் ஒரே வெற்றிடம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விடைத்தாளில் ஏ, பி, சி, டி-யோடு 'விடை தெரியவில்லை' என்பதற்கு இ என்று ஒரு வட்டம் உண்டு. தேர்வு முடிந்த பிறகு காலி வட்டத்தை யாரும் நிரப்ப முடியாது என்பது அதன் ஒரு பயன். படிவம் போடுகிற எனக்கு இன்னொரு பயன் தெரிகிறது: இனி காலியாக வருகிற ஒவ்வொரு வரியும் திரும்பப் பார்க்க வேண்டிய வரி.

ஸ்டேப்ளர்

பின் அடிக்க வேண்டி வந்தால் படிவம் நீளம். குறையுங்கள்.

சீலுக்கு இடம்

இடம் விடாவிட்டால் கட்டங்கள் மேல்தான் குத்துவார்கள். நம் ஊர் அலுவலகத்தில் சீல் விழாத தாள் கிடையாது. கீழ் வலது மூலையில் ஒரு பெரிய வெற்றிடம் விட்டு 'முத்திரை' என்று எழுதுங்கள், அந்த மூலையின் பின்பக்கத்திலும் வட்டம், கட்டம் வேண்டாம். 60 ஜிஎஸ்எம் போன்ற மெல்லிய தாளில் சீல் மை மறுபக்கம் எட்டிப்பார்க்கும். வட்டம் நிரப்பும் படிவத்துக்கு நான் 100-க்குக் கீழே இறங்குவதில்லை.

அந்தத் தம்பி நேற்று மறுபடி வந்தான். ஸ்பெஷல் கலரில் அச்சடித்த முதல் தாள்கள் கையில். இழுப்பறையிலிருந்து கண்ணாடித்தாளை எடுத்து அவனிடமே கொடுத்தேன். தாளின் மேல் விரித்து, குனிந்து வெகுநேரம் பார்த்தான். கட்டங்கள் எல்லாம் போயிருந்தன. "அண்ணே, இங்க மட்டும் ஏதோ நிக்குது" என்றான். நிறுவனத்தின் நீல லோகோ, முதல் கட்டத்தின் மேல் அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது.