டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குப் பின்பக்க சஸ்பென்ஷனை வலுப்படுத்தும் முறை

வட அமெரிக்காவில் கோடை விடுமுறையில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ‘அரை டன்’ என்று அழைக்கப்படும் இலகு வகைப் பிக்கப் ஒன்று பெரிய வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். அதன் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர்களின் கண்ணில் நேராக அடிக்கும். அதன் உரிமையாளருக்கு யாரோ ஒருவர், பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்துப் பொருத்தும் காற்றுப் பை போடச் சொல்வார். அவரும் அடுத்த வாரமே வாங்கி மாட்டிவிடுவார். வண்டி நேராகிவிடும், ஆனால் ஓட்டும்போது இருந்த அச்சம் பல நேரங்களில் அப்படியே இருக்கும். பின்பக்கம் தாழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைவதை எடைமேடையில் ஏற்றாமல் உறுதியாக அறிய முடியாது. எனவே ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் ஓர் அளவுநாடாவையும் ஓர் எடைச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் இரண்டு தாள்களையும் படியுங்கள். டயர் விவரம் உள்ள தாளில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். மற்றொன்றில் முன்னச்சு, பின்னச்சு ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய உச்ச எடை இருக்கும். விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் இழுவைத் திறன் பெரிய எண். ஆனால் குடும்பத்தோடு பயணம் செய்கிறவருக்கு முதலில் தீர்ந்துபோவது இந்தச் சிறிய எண்தான். தாளில் 680 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். நான்கு பேர் 280 கிலோ, டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச் 40 கிலோ, டிரெய்லரின் மூக்குப் பாரம் 390 கிலோ என்று கூட்டினால் 710 ஆகிவிடுகிறது. பின்தட்டில் ஒரு விறகுக்கட்டைகூட இன்னும் ஏற்றவில்லை. எந்த ஸ்பிரிங்கும், எந்தக் காற்றுப் பையும் தாளிலுள்ள எண்ணை உயர்த்தாது. அந்த எண் அச்சு, பேரிங், சக்கரம், டயர், பிரேக், சேசிஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கப்பட்டது. நாம் மாற்றுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே. கணக்கு இங்கேயே உதைத்தால், சிறிய டிரெய்லரோ பெரிய வண்டியோதான் வழி. மேலே படிக்க வேண்டியதில்லை.

மூக்குப் பாரம் என்பது டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் உருண்டையின் மேல் அழுத்தும் எடை. பந்து ஹிட்சில் மாட்டும் டிரெய்லருக்கு, சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இது இருக்க வேண்டும். வண்டி தாழ்கிறதே என்று டிரெய்லருக்குள் இருக்கும் சாமான்களைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறவர்கள் உண்டு. அதைவிடக் கெட்ட யோசனை இதில் வேறில்லை. மூக்கு இலேசான டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அது பெருகினால் இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். பின்பக்க ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்துவது அந்த நோய்க்கு மருந்தாகாது.

இனி எடை. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் நிறுத்தங்களில் உள்ள ‘கேட்’ எடைமேடைகள் முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு ஆகியவற்றைத் தனித்தனியாக நிறுத்துச் சீட்டுக் கொடுக்கும். பயணத்துக்குப் புறப்படுவது போலவே ஆட்களையும் சாமான்களையும் எரிபொருளையும் நிரப்பிக்கொண்டு போய், டிரெய்லர் இல்லாமல் ஒரு முறை, டிரெய்லரை வெறுமனே மாட்டி ஒரு முறை, பாரம் பகிரும் ஹிட்சின் (எடையை அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் வகை) ஸ்பிரிங் பார்களையும் ஏற்றி ஒரு முறை என்று மூன்று தடவை நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன், பின் சக்கர வளைவுகளின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவை மட்டும் சமதரையில் எடுக்க வேண்டும்.

இந்த எண்கள் என்ன சொல்லும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஃபோர்டு எஃப்-150 வண்டியில், நான்கு கதவும் குட்டைத் தட்டும் உள்ள வகைக்கு இரண்டு அச்சுகளின் இடைவெளி சுமார் 3.7 மீட்டர். ஹிட்ச் உருண்டை பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றும், 3,000 கிலோ டிரெய்லரின் மூக்குப் பாரம் 390 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். பின்னச்சு இங்கே ஏற்றப்பலகையின் நடுத்தாங்கல் போல ஆகிவிடுகிறது: வால்முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பும். 390-ஐ 1.2-ஆல் பெருக்கி 3.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 126 கிலோ. அவ்வளவு எடை முன்சக்கரங்களை விட்டுப் போய்விடும். பின்னச்சின் மேல் 390 அல்ல, 516 கிலோ கூடும். ஸ்டியரிங் மிதப்பது போலத் தோன்றுவதற்கும், ஈரச் சாலையில் முன்பிரேக்கின் பிடி குறைவதற்கும் இந்த 126 கிலோதான் காரணம்.

போன எடையை முன்னச்சுக்குத் திருப்பும் வேலையைச் செய்வது பாரம் பகிரும் ஹிட்ச். அதன் இரண்டு ஸ்பிரிங் பார்களும் நெம்புகோல்களாக நின்று, பின்னச்சின் மேலுள்ள பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுகின்றன. காற்றுப் பை இதைச் செய்யாது. அது அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே நின்று வண்டியின் உயரத்தை மட்டுமே தூக்குகிறது. ஆகையால் ஹிட்சைச் சரியாக அமைப்பது முதல் வேலை, பின்பக்க ஸ்பிரிங் அதற்கடுத்த வேலை. முன்வளைவு, டிரெய்லர் இல்லாதபோது 95 சென்டிமீட்டரும் மாட்டியதும் 98 சென்டிமீட்டரும் இருந்தால், அந்த 3 சென்டிமீட்டர் எழுச்சியில் எவ்வளவைத் திரும்ப இறக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; பாதி என்பது பரவலாகக் காணப்படும் அளவு.

ஹிட்சைச் சரிசெய்த பிறகும் பின்பக்கம் அதிகம் தாழ்ந்தாலோ, பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது அச்சு மேலேறி, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் இடித்தாலோ, பள்ளத்தைக் கடந்தபின் இரண்டு மூன்று தடவை குதித்தாலோ அப்போது ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம். குதிப்பு மட்டும் இருந்தால் ஷாக் அப்சார்பரை முதலில் பாருங்கள். எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக்கை வைத்துக்கொண்டு புதிய ஸ்பிரிங் போடுவது வீண் செலவு, குதிப்பும் கூடும்.

கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டிகளுக்கு மூன்று வழிகள் உண்டு. பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தடித்த ரப்பர் ஸ்பிரிங் பொருத்துவது மிக எளிது. காற்றும் இல்லை, கசிவும் இல்லை, வெறும் வண்டியாக ஓடும்போது பெரும்பாலும் தொந்தரவும் இல்லை. எப்போதும் பின்தட்டில் ஒரே பாரத்தோடு ஓடுகிறவருக்குக் கூடுதல் பட்டை பொருந்தும். ஆனால் பாரம் இல்லாத நாளில் வண்டி உலுக்கி எடுக்கும். வார நாளில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் டிரெய்லரோடும் ஓடுகிறவருக்கு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால், காற்றுப் பையே ஏற்றது என்பது என் கருத்து. ராம் 1500 வண்டியில் 2009 முதலும், டொயோட்டா டன்ட்ராவில் 2022 முதலும் பின்னால் சுருள் ஸ்பிரிங்தான். அங்கே பட்டைக்கு இடமில்லை, பை சுருளுக்குள் போகும் வகையாக வரும். தொழிற்சாலையிலேயே ஏர் சஸ்பென்ஷனோடு வந்த வண்டியில் இவற்றில் எதையும் சேர்க்காதீர்கள்; உயரத்தை அளக்கும் சென்சார் குழம்பிப்போகும்.

காற்றுப் பை பொருத்துவது வீட்டு முற்றத்தில் அரை நாள் வேலை. சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, சேசிஸை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. அச்சு தாழத் தாழ, பை வைக்க இடம் கிடைக்கும். பிரேக் ஹோசும் ஏபிஎஸ் கம்பியும் விறைக்காமல் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றினால் கிடைக்கும் இடத்தில் மேல் பிராக்கெட்டும், பட்டைகளின் மேல், அவற்றை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டை ஒட்டிக் கீழ் பிராக்கெட்டும் உட்காரும். பெரும்பாலான பெட்டிகளில் இடது, வலது பிராக்கெட்டுகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. தரையில் பரப்பி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். இரண்டு பிராக்கெட்டும் நேருக்கு நேர் நிற்கும்படி வைத்து, எல்லா நட்டுகளையும் விரலால் ஏற்றியபின், கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். புகைக்குழாய்க்கும் பைக்கும் இடையே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் பெட்டியோடு வரும் வெப்பத் தகட்டைக் குழாயில் கட்டிவிடுங்கள்.

கசிவு பெரும்பாலும் காற்றுக் குழலின் நுனியில்தான் பிறக்கிறது. கொறடாவால் நறுக்கினால் குழல் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். புதிய பிளேடால் செங்குத்தாக வெட்டி, இணைப்புக்குள் அடிவரை தள்ளி, பின் இழுத்துப் பாருங்கள். அச்சு ஏறி இறங்கும் அளவுக்குக் குழலில் தளர்வு விட்டு, கூர்விளிம்பிலும் புகைக்குழாயிலும் படாமல் சேசிஸோடு கட்டுங்கள். இரண்டு பைகளையும் ஒரே வால்வில் இணைக்கலாம், ஆனால் வளைவில் சாயும்போது பாரம் ஏறிய பையிலிருந்து காற்று மறுபைக்கு ஓடிச் சாய்வைக் கூட்டும். எனவே பக்கத்துக்கு ஒரு வால்வு வைப்பதே நல்லது. கையேடு சொல்லும் சோதனை அழுத்தத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். ஊசிமுனை அளவுக் குமிழி ஒன்று மெல்ல வீங்கினால்கூட, அந்தக் குழலை எடுத்து மறுபடி வெட்ட வேண்டும். மறுநாள் காலையில் அழுத்தமானியை வைத்துப் பார்த்தபிறகே வேலை முடிந்ததாக எண்ணுங்கள்.

பட்டை சேர்க்கிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கழற்றிய யு போல்ட் ஏற்கெனவே இறுகி நீண்டது. அதை மறுபடி போடாமல் புதிதாக வாங்குங்கள். பட்டைகளை நடுவில் கோத்து நிறுத்தும் சென்டர் போல்ட்டை அவிழ்க்கும் முன் அவற்றை இரு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவை தெறித்துக் கையைப் பதம் பார்க்கும். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும், ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிள் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை அச்சில் இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

இனி, காற்றையும் ஹிட்சையும் சேர்த்து அமைக்கும் வரிசை. இங்கே நானே தவறியிருக்கிறேன். ஸ்பிரிங் பார்களை ஏற்றி முடித்த பிறகு, இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதே என்று பைகளில் 60 பிஎஸ்ஐ ஏற்றினேன். வண்டி மேசை போல நேராக நின்றது, எனக்கும் பெருமைதான். எடைமேடையில் பார்த்தால் முன்னச்சில், டிரெய்லர் இல்லாதபோது இருந்ததைவிட 110 கிலோ குறைவு. பை பின்பக்கத்தைத் தூக்கியதும் ஹிட்ச் உயர்ந்து, பார்களின் இறுக்கம் தளர்ந்துவிட்டிருந்தது. அதனால் பைகளைக் குறைந்தபட்ச அழுத்தத்தில் வைத்து முதலில் பார்களால் முன்வளைவைக் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள்; பிறகு 5 பிஎஸ்ஐ வீதம் காற்றைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் முன்வளைவை அளவுநாடாவால் பாருங்கள். அது மறுபடி எழத் தொடங்கினால் காற்றைச் சற்று இறக்குங்கள் அல்லது பார்களைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலியை ஒரு கண்ணி கூட்டி இறுக்குங்கள். பின்பக்கம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தே நிற்கட்டும், பாதகமில்லை. இறுதி அமைப்போடு ஒரு முறை எடை போட்டு, அச்சு எடைகளைக் கதவுத் தாளோடு ஒப்பிடுங்கள்.

டயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கச்சுவரில் அளவுக்கு முன் ‘பி’ (P) என்ற எழுத்து உள்ள, பயணிகள் காருக்கான டயரைப் பிக்கப்பில் போடும்போது, அதன்மேல் எழுதிய பாரத்தை 1.10-ஆல் வகுத்தே கொள்ள வேண்டும். அதன் மெல்லிய பக்கச்சுவர் நெளிவதும் வண்டி அலைவதற்கு ஒரு காரணம். பாரத்துக்குத் தகுந்த எல்டி (LT, இலகு டிரக்) டயரும் சரியான காற்றும் சில வண்டிகளில் ஸ்பிரிங்கைவிட அதிக வித்தியாசம் காட்டும். பின்பக்க உயரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு சில பழைய டொயோட்டா பிக்கப்புகளில் உண்டு. அவற்றில் உயரத்தை நிலையாக மாற்றினால் அந்த வால்வையும் சரிசெய்ய வேண்டும். ஹெட்லைட்டின் கோணத்தைப் பாரத்தோடு சரிபாருங்கள்.

முதல் 150 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். டிரெய்லரைக் கழற்றிய பிறகு பைகளின் காற்றை இறக்கிவிடுங்கள், ஆனால் முழுதும் காலி செய்யாதீர்கள். பெரும்பாலான பைகளுக்கு 5 பிஎஸ்ஐ குறைந்தபட்சம், 100 உச்சம். காற்றே இல்லாமல் ஓடினால் பையின் மடிப்பு கிள்ளுண்டு கிழியும். குளிர்காலத்தில் அழுத்தம் தானாகவே இறங்கும் என்பதால் மாதம் ஒரு முறை பாருங்கள். டிரெய்லரோடு வேண்டிய அழுத்தம், பாரின் சங்கிலியில் எத்தனையாவது கண்ணி, முன்வளைவின் உயரம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி எரிபொருள் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்த கோடையில் மறுபடி தேட வேண்டியிருக்காது.