பனீர் தண்ணீரைக் காய்ச்சினால் பிலிம் வராது

பால் புரதத்தில் மக்கும் பிலிம் (பிளாஸ்டிக் தாள்போன்ற மெல்லிய படலம்) செய்கிறேன் என்று புராஜெக்ட் எடுக்கும் மாணவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். பனீர் போடும் இடத்தில், பால் திரிந்ததும் பிரியும் தண்ணீரை இரண்டு லிட்டர் வாங்கி, அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைப்பார்கள். மறுநாள் தட்டில் கிடப்பது கையோடு ஒட்டிக்கொண்டு வரும் மஞ்சள் பாகு. இன்னும் இரண்டு நாள் விட்டால் அதில் மணல் மணலாகப் படிகம் கட்டும்.

காரணம் எளிய கணக்கு. ஒரு லிட்டர் பனீர் தண்ணீரில் லாக்டோஸ் சர்க்கரை சுமார் 50 கிராம் இருக்கும். புரதம் 5 கிராமைத் தாண்டுவதே அரிது. பனீருக்காகப் பாலை 90 டிகிரி வரை சூடாக்கும்போதே வே புரதத்தில் (திரிந்த பாலின் தண்ணீரில் நிற்க வேண்டிய புரதம்) பெரும்பகுதி, கட்டியாகத் திரியும் புரதமான கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள் போய்விடுகிறது. பனீர் போடுகிறவருக்கு அது லாபம், நமக்கு நஷ்டம். ரென்னெட் என்ற நொதி போட்டுத் திரித்த சீஸின் வே தண்ணீர் கொஞ்சம் மேல், ஆனால் அதிலும் சர்க்கரைதான் பல மடங்கு. சவ்வு வடிகட்டலில் லாக்டோஸைக் கழித்து உலர்த்திய பொடிதான் நமக்கு வேண்டும். 90 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள ஐசோலேட் கிடைத்தால் நல்லது.

ஐசோலேட் என்றதும் ஜிம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதில் சாக்லேட் வாசனை, இனிப்பூட்டி, சீக்கிரம் கரைய லெசித்தின் எல்லாம் சேர்ந்திருக்கும். சிலவற்றில், செரிமானம் எளிதாகட்டும் என்று புரதத்தையே நொதியால் வெட்டி வைத்திருப்பார்கள். துண்டு நூலை வைத்து நெய்தால் துணி நிற்குமா?

பள்ளிக் கண்காட்சியில் பாலில் வினிகர் ஊற்றிச் செய்யும் ‘பால் பிளாஸ்டிக்’ வேறு சமாச்சாரம். அது கேசின் கட்டி, காய்ந்தால் வெடிக்கும். கேசினில் பிலிம் வேண்டுமென்றால், திரிந்த கேசினை நன்றாகக் கழுவி, நீர்த்த காரம் விட்டு பிஎச் 7 வரை கொண்டுவந்து மறுபடி கரைக்க வேண்டும். பிஎச் 4.6-ல் கேசின் கரையவே கரையாது.

சரி, நல்ல பொடி கிடைத்துவிட்டது. அடுத்த சறுக்கல் சூட்டில். வே புரதத்தில் பாதிக்கு மேல் பீட்டா லாக்டோகுளோபுலின். அது பந்துபோலச் சுருண்டிருக்கும், ஒட்டும் கந்தகக் கண்ணி உள்ளே ஒளிந்திருக்கும். 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பந்து அவிழ்ந்து, பக்கத்துப் புரதத்தின் கந்தகத்தோடு பிணைப்புப் போடும். இந்தப் படியை விட்டுவிட்டாலும் பிலிம் வரும். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். சுடு தொட்டி 90 காட்டுகிறது என்று அதை நம்ப வேண்டாம். தெர்மாமீட்டரை பீக்கருக்குள்ளேயே விட்டு, அங்கே 90 ஆன பிறகு நேரத்தை எண்ணுங்கள். பீக்கரை மூடியும் வையுங்கள். நீர் ஆவியாகிப் புரதம் 12 சதவீதத்தை ஒட்டிப் போனால் கரைசல் கெட்டியாகி ஜெல் ஆகிவிடும், ஊற்றவே வராது. 8 சதவீதம் பாதுகாப்பான அளவு. பிஎச் 5.2 பக்கம் இருக்கும்போது சூடாக்கினாலும் தயிர்போல் திரியும்; 7-ல் வைத்துக்கொள்வது நல்லது.

கிளிசரின் சேர்க்காத பிலிம் அப்பளம்போல் நொறுங்கும். அதிகம் சேர்த்தால் ஒட்டும். புரதம் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். பாட்டில் மூடியைத் திறந்து போட்டால் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு எடை போட்டால் அளவு தப்பும்.

இனி ஊற்றும் வேலை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 9 செ.மீ. பெட்ரி தட்டின் பரப்பு சுமார் 64 சதுர செ.மீ. புரதம் 8, கிளிசரின் 4 சதவீதம் உள்ள கரைசலில் 100 மைக்ரான் பிலிம் வேண்டுமென்றால் ஊற்ற வேண்டியது 7 மி.லி.தான். அதாவது தட்டில் நிற்கும் கரைசலின் உயரம் ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும். மேசை அந்தத் தட்டின் அகலத்துக்குள் 1 மி.மீ. சரிந்திருந்தால் போதும்: ஒரு ஓரம் 1.6 மி.மீ., எதிர் ஓரம் 0.6 மி.மீ. காய்ந்ததும் ஒரு பக்கம் மற்றதைப்போல இரண்டரை மடங்கு தடிமன். அதை மைக்ரோமீட்டரில் அளந்து ‘சராசரி’ எழுதி என்ன பயன்? கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கி, தட்டு வைக்கும் இடத்தை முதலில் சரிபாருங்கள். கண்ணாடியில் ஊற்றினால் பிலிம் உரிக்க வராமல் கிழியும். டெஃப்ளான், அக்ரிலிக் தேவலை. ஊற்றும் முன் வாக்குவத்தில் குமிழை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குமிழும் பிறகு ஊசித் துளையாகும்.

அவசரத்துக்கு ஃபேன் ஓவனில் 70 டிகிரியில் வைத்தால் மேலே தோல் கட்டி, ஓரம் சுருண்டு, நடுவில் வெடிக்கும். அறைச் சூட்டில், 50 சதவீத ஈரப்பதத்தில், ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். சென்னையில் ஐப்பசி மழை நாளில் மேசை மேல் வைத்துவிட்டுப் போனால் பிசுபிசுப்பு போகவே போகாது. நாலைந்து நாளில் பூஞ்சையும் வரலாம்.

காய்ந்த பிறகும் ஈரப்பதம் விடாது. தண்ணீரும் இந்த பிலிமைக் கிளிசரின்போலவே இளக்கும். மழை நாளில் இழுத்துப் பார்த்த துண்டையும் வெயில் நாளில் இழுத்துப் பார்த்த துண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், ஒப்பிட்டது வானிலையைத்தான். டெசிகேட்டரில் (காற்றுப் புகாத மூடிய கண்ணாடிக் கலம்) மக்னீசியம் நைட்ரேட்டின் பூரிதக் கரைசல் வைத்தால் 25 டிகிரியில் ஈரப்பதம் சுமார் 53 சதவீதத்தில் நிற்கும். இரண்டு நாள் அதில் வைத்துவிட்டு எல்லாத் துண்டையும் சோதியுங்கள்.

அப்புறம், இதில் கேரி பேக் செய்வேன் என்று எழுதாதீர்கள். நீராவி இதில் தாராளமாகப் போய்வரும். இதன் பலம் உலர்ந்த சூழலில் ஆக்சிஜனைத் தடுப்பது. 2016-ல் அமெரிக்க வேளாண் துறையில் பெகி டோமசுலா குழு கேசினும் பெக்டினும் சேர்த்த பிலிமை அறிமுகப்படுத்தியபோது காட்டிய பயன்களும் சூப், காபிப் பொடிக்கான சின்னப் பொட்டலங்கள், சீரியல் மேல் தெளிக்கும் பூச்சு போன்றவைதான். ஐரோப்பாவின் வேலேயர் திட்டத்தில் வே புரதம் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு இடையே ஆக்சிஜன் தடுப்பாகப் போனது. அங்கே நோக்கம், நொதியால் அந்த அடுக்கைக் கழுவிப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு அனுப்புவது. முழு உறையும் மக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதேபோல, குளூட்டரால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருள் போட்டு இறுக்கிய பிலிமை உண்ணத்தக்கது என்று எழுதக் கூடாது.

மண்ணில் புதைத்துப் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஒரே நாளில் கால்வாசி எடை குறைந்ததும் ‘மக்கிவிட்டது’ என்று குதிப்பார்கள். மேலே சொன்ன கலவையில் திடப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு கிளிசரின். ஈர மண்ணில் முதலில் கசிந்து போவது அதுதான். புதைக்கும்போதே, அதே தட்டில் வெட்டிய இன்னொரு துண்டை ஒரு நாள் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, எடை போட்டு வையுங்கள். அதில் குறைந்த எடையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மண்ணின் கணக்கு.